பதினோராவது ஜன்னல்

கீழ் வரிசைக் கண்ணாடியில் நீலமாக ஏதோ இருந்தது.

மாளிகைக் காவலாளி நார்மன் பெல்ச்சர் புல்வெளியின் நடுவில் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். டிசம்பர் மாதம். மணி இன்னும் நாலாகவில்லை, அதற்குள் இருட்டு மரங்களுக்கிடையிலிருந்து கிளம்பிவிட்டது. மாடியின் பத்து ஜன்னல்களுக்கும் உள்ளே போய் மரக்கதவுகளைச் சாத்தி, இரும்புக் கொண்டியைப் போட்டு, எதுவும் விட்டுப்போயிருக்கிறதா என்று வெளியே வந்து எண்ணிப் பார்ப்பது அவருடைய அன்றாட வேலை. ஆனால் எல்டர்கோட் மாளிகையின் முகப்பில் ஜன்னல்கள் பதினொன்று. வலது கோடியில் இருக்கும் பதினோராவது, ஜன்னலே அல்ல. அதற்குப் பின்னால் அறை கிடையாது. பெரிய புகைபோக்கியின் கல்சுவர்தான் இருக்கிறது. முகப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தே தீர வேண்டும் என்று முந்நூறு வருடத்துக்கு முன்னால் கட்டியவருக்கு ஒரு பிடிவாதம். அதனால் சுவரில் சுண்ணாம்பு பூசி ஜன்னலை வரைந்துவிட்டார்கள். கறுப்பில் கண்ணாடி, வெள்ளையில் சட்டம், மங்கிய வெள்ளையில் மேலிருந்து இறங்கும் ஒரு துணித்திரை. கோடையில் சுற்றிப்பார்க்க வரும் கூட்டத்தை நிறுத்தி எது பொய் ஜன்னல் என்று கேட்டால், பாதிப் பேர் நல்ல ஜன்னலைக் காட்டி அசடு வழிவார்கள்.

அந்தத் திரை கிட்டத்தட்ட அடிவரை இறங்கியிருந்தது. கீழே ஒரே ஒரு வரிசைக் கண்ணாடிதான் மிச்சம். அதில்தான் நீலம்.

இருபது வருடத்துக்கு முன்னால் அதைக் கடைசியாகப் புதுப்பித்து வரைந்தது அவருடைய மனைவி மேவிஸ். அவளிடம் கறுப்பும் வெள்ளையும்தான் இருந்தன. நீல டப்பாவே கிடையாது. நீலம் என்றால் அவளுடைய ஸ்வெட்டர் ஒன்றுதான். அதில் ஒரு பொத்தான் விழுந்துபோய், பொருந்தாத பழுப்புப் பொத்தானை வைத்துத் தைத்துக்கொண்டாள். ஏப்ரல் மாதம் அதைப் போட்டுத்தான் அவளைப் புதைத்தார்கள்.

வியாழக்கிழமை தூசி தட்ட வரும் பிரெண்டா, துணி போர்த்திய ஒரு பாத்திரத்தில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட மாவுப் பண்டத்தைக் கொண்டுவந்தாள். அவள் கிராமத்துக்காரி, மேவிஸின் சிநேகிதி. நார்மன் அவளைப் புல்வெளிக்குக் கூட்டிப்போய் மேலே காட்டினார். பாசி என்றாள் அவள். போன வருட மழைக்குத் தேவாலயச் சுவர்கூட இப்படித்தான் ஆகிவிட்டது என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு வந்துடுங்க, நார்மன். இந்த வீட்டுக்குக் காவல் எதுக்கு? இதைத் தூக்கிட்டுப் போக நினைக்கிறவன் முதுகு ஒடிஞ்சே செத்துருவான்."

அவர் சிரித்துவைத்தார். பார்க்கலாம் என்றார். அவளுடைய கார் சத்தம் தோட்டத்துச் சாலையில் தேய்ந்து மறைந்ததும், மாளிகையின் அறுபது அறைகளும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டதுபோல் இருந்தது. தனியாக இருப்பது அவருக்குப் பழகவே இல்லை. காலையில் இரண்டு கோப்பை எடுத்து ஒன்றைத் திரும்ப வைப்பது, யாரிடம் என்று தெரியாமல் "மழை வரும்போல" என்று சொல்வது, சொல்லிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது, எட்டு மாதமாக இதுதான் பிழைப்பு. ஒரே ஒரு தடவை அவளைப் பார்த்தால் போதும். வேறொன்றும் வேண்டாம்.

மறுநாள் மாடி மரக்கதவுகளை முன்னதாகவே அடைத்துக் கொண்டி போட்டுவிட்டு, மூன்று மணிக்கு அந்தச் சுவரில் ஏணியைச் சாத்தினார்.

அருகில் போனபோது பாசி இல்லை என்று தெரிந்தது. கம்பளி நூலின் முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன, ஓர் ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நெருங்கி நிற்பதுபோல. திரையின் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு பழுப்புப் பொத்தான். நார்மன் விரலை வைத்தார். சுண்ணாம்பு. ஈரம். சில்லிப்பு. அவ்வளவுதான். ஆனாலும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஏணியில் நின்றபடியே சத்தமாக அழுதார்.

முகம் அந்தத் திரைக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

மேவிஸின் பழைய பெட்டியிலிருந்து சுரண்டும் தகட்டை எடுத்துவந்தார். மறுபடி ஏணியில் ஏறும்போதுதான் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அந்த வேலை முடிந்த அன்று அவள் தூரிகைகளைக் கழுவிக்கொண்டே இருந்தாள், தண்ணீர் தெளிந்த பிறகும் கழுவினாள்.

"சுரண்டிப் பார்த்தேன், நார்மன். திரைக்கு அடியில பழைய திரை இருக்கு. அதுக்கு அடியில இன்னொண்ணு. வரைய வந்த ஒவ்வொருத்தனும் முன்னாடி இருந்தவனைவிட ஒரு சாண் கீழ இறக்கியிருக்கான்."

"நீ என்ன பண்ணின?"

"நானும் ஒரு சாண் இறக்கினேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தேநீர் ஆறிவிடும் என்று சொன்னார். அன்று கேட்டிருக்கலாம்.

தகட்டை வைத்து இழுத்தார். மேவிஸின் திரை சுருள் சுருளாக உரிந்து அவருடைய மேல்சட்டையில் விழுந்தது. ஆளிவிதை எண்ணெயின் பழைய வாசனை. அதற்கு அடியில் இன்னொரு திரை, ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. அது விட்ட இடத்தில் மேலும் நீலம், மேலும் இரண்டு பொத்தான்கள். சுரண்டினார். மூன்றாவது திரை. ஒரு தோள். மேவிஸின் வலது தோள் எப்போதும் சற்றுத் தாழ்ந்திருக்கும். இதுவும் தாழ்ந்திருந்தது. "இதோ வந்துட்டேன்மா," என்றார். விரல் நுனி கிழிந்து ரத்தம் வந்தது. நான்காவது. ஐந்தாவது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கழுத்து. கடைசித் திரை, தாளைவிட மெல்லியது. மொத்தத்தையும் ஒரே இழுப்பில் எடுத்தார்.

கறுப்புக் கண்ணாடிகள்.

அவ்வளவுதான். மேலிருந்து கீழ்வரை வெறும் கறுப்பு. முகமில்லை, தோளில்லை, நீலமில்லை. சற்றுமுன் பொத்தான் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். யாரும் அங்கே நிற்கவே இல்லை.

இல்லை. ஏதோ ஒன்று நின்றிருந்தது. இப்போது இல்லை.

அது வெளியே வராமலிருக்கத்தான் அத்தனை பேரும் திரையை இறக்கினார்கள் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.

இறங்கினார். கால் இரண்டு முறை படியைத் தவறவிட்டது. மாளிகைக்குள் எங்கோ ஒரு மரக்கதவு திறந்துகொண்டது. கொண்டி விழும் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். பிறகு அடுத்தது. வலது கோடியிலிருந்து இடதுபக்கமாக. ஒவ்வொரு அறையாக. அவசரமில்லாமல். எண்ணினார். பத்து. பிறகு பின்கட்டுப் படிக்கட்டில் காலடி. அது வேலையாட்களின் பழைய சமையலறைக்கு இறங்குகிறது. இப்போது அதுதான் அவருடைய வீடு.

ஓடியிருக்கலாம். கிராமம் ஒரு மைல்தான். பிரெண்டா கதவைத் திறப்பாள்.

அவர் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்.

சமையலறையில் விளக்கு எரிந்தது. அவர் போடவில்லை. ஜன்னலில் மங்கிய வெள்ளைத் திரை ஒன்று அடிவரை இறங்கியிருந்தது. அந்த ஜன்னலுக்குத் திரையே கிடையாது. விளிம்புக்குக் கீழே விரல்கள் வந்தன. திரையைப் பிடித்தன. உயர்த்தின.

நீல ஸ்வெட்டர். பழுப்புப் பொத்தான். தாழ்ந்த வலது தோள்.

கையின் மேல் தூரிகை இழுத்த கோடுகள் ஓடின. இன்னும் உலரவில்லை. தொட்ட இடத்திலெல்லாம் திரையில் கறை ஒட்டியது.

திரை முழுக்க மேலே போனது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு, கண்ணாடிக்கென்று மேவிஸ் கலக்கிய அதே கறுப்பு. கண்ணாடி பளபளக்கிறது என்று நம்பவைக்க அவள் கடைசியில் போடும் ஒரு சிறிய வெள்ளைக் கீற்று, குறுக்கே. அது அவர் பக்கம் திரும்பியது. தலையைச் சற்றுச் சாய்த்தது.

மேவிஸ் இல்லை. அவருக்குத் தெரியும். சத்தியமாகத் தெரியும்.

உள்ளே கெட்டில் கூவத் தொடங்கியது. மேஜையில் இரண்டு கோப்பைகள் இருந்தன.

நார்மன் வாசலில் நின்று, அவளுக்குப் பிடித்தபடி, காலணியின் சேற்றை மிதியடியில் இரண்டு முறை துடைத்தார். உள்ளே போனார். கதவைச் சாத்தினார்.

"மழை வரும்போல," என்றார்.

அவருக்குப் பின்னால் திரை அடிவரை இறங்கியது.