ரெண்டு ரூபாய் ஸ்பிளிட் பின்

செவ்வாய், காலை 6.50.

ஐந்தருவியிலிருந்து குற்றாலத்துக்கு இறங்கும் சாலையில், இரண்டாவது வளைவின் பாலச்சுவருக்குக் கீழே ஆசிரியர் ஹுஸைஃபா கிடந்தார். ஹெல்மெட் பிளந்திருந்தது. சாரலில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சுவருக்கு மேலே தலைகீழாக மாட்டிக்கொண்டிருந்த சைக்கிளின் பின்சக்கரம் காற்றில் டிக், டிக், டிக் என்று சுற்றியது. முதலில் பார்த்தவர் பழக்கடைக்காரர்.

"ஆளு போயிட்டாரு. வண்டி மட்டும் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கு" என்று போனில் சொன்னார். அதற்குப் பிறகு அவர் அந்த வளைவுப் பக்கமே போகவில்லை.

புதன், காலை 9.15.

சைக்கிள் இப்போது காவல் நிலைய முற்றத்தில், புங்கமரத்தடியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. ஆடிக்காற்று சக்கரத்தை நிற்க விட்டால்தானே? ராத்திரிப் பணியில் இருந்தவர்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார்களாம்.

"மேடம், அந்தச் சக்கரத்தக் கயிறு போட்டுக் கட்டிரட்டுமா?" என்றாள் காவலர் ஷெர்லின். "செத்துப்போன வாத்தியாருதான் ஓட்டுதாருங்காங்க."

"காத்து ஓட்டுது. சும்மா இரு" என்றாள் சப்-இன்ஸ்பெக்டர் குழல்வாய்மொழி. சொல்லிவிட்டாளே தவிர, அவளும் அடிக்கடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேய்க்குப் பயந்தவள் அல்ல அவள். யாரோ எதையோ சொல்ல வந்து சொல்லாமல் நிற்பது போல இருந்தது, அவ்வளவுதான்.

முன்சக்கர டிஸ்க் பிரேக்கில், வட்டத் தகட்டைக் கவ்வும் பேட் இரண்டும் இல்லை. ஒன்று மட்டும் சாலையில், விழுந்த இடத்துக்கு இருநூறு அடி மேலே கிடைத்தது. பேட்கள் விழாமல் பிடித்து நிறுத்தும் ஊசி போன்ற பின்னும் இல்லை. முன் பிரேக் கைவிட, ஆசிரியர் பின் பிரேக்கை இறுக்கியிருக்கிறார். ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கிவிட்டது. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பின்னைப் போட்டவர் சைக்கிள் கடை ஜெபசிங் என்பதும் ஊருக்கே தெரியும். தென்காசியில் கியர் சைக்கிள் வைத்திருக்கும் அத்தனை பேரும் அவர் கடைக்குத்தான் வருவார்கள். தீக்குச்சி நீளப் பின்னுக்குக் கம்பெனி அறுநூற்றைம்பது கேட்கும். அதைத் தபாலில் வரவழைக்க இன்னும் இருநூறு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஜெபசிங் லாரி ஸ்பேர் கடைக்குப் போய் ரெண்டு ரூபாய் ஸ்பிளிட் பின் ஒன்றை எடுத்து வருவார். தலையில் வளையம், கீழே இரண்டு கால். வேலை முடிந்தது. வண்டி ஓடும் வரை அவர் கெட்டிக்காரர். இப்போது கொலைகாரர். கடைக் கதவில் யாரோ சாணி அடித்திருந்தார்கள்.

"அந்த ஸ்பிளிட் பின்ன எப்ப மாட்டுனீங்க, அண்ணாச்சி?" நிலையத்துக்கு வரவழைத்திருந்த ஜெபசிங்கிடம் கேட்டாள் குழல்வாய்மொழி.

"மூணு வாரம் இருக்கும் மேடம். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு."

"அதுக்கு முன்னாடி?"

"கம்பெனிப் பின்னு. துருவேறிப் போயிருந்துச்சு."

"எப்படி மாட்டுவீங்க?"

"உள்ள விட்டு ஒத்தக் கால மட்டும் மடக்குவேன். ரெண்டையும் மடக்குனா அடுத்தவாட்டி கழட்டுறது பாடு. மத்தவங்க ரெண்டையும் மடக்குவாங்க. இது என் பழக்கம்."

"தானா கழண்டு விழுமா?"

"விழாது." ஜெபசிங் தன் கைகளைப் பார்த்தார். "விழாதுன்னுதான் இருபது வருசமா இருந்தேன். இப்பத் தெரியல மேடம். என் கையிதான் அவரக் கொன்னுச்சோன்னு இருக்கு. கண்ண மூடுனா சக்கரம் சுத்துத சத்தம் கேக்குது."

குழல்வாய்மொழி முற்றத்துக்குப் போய்ச் சுற்றிக்கொண்டிருந்த சக்கரத்தின் பிரேக்கை அழுத்தினாள். சட்டென்று நின்றது. குனிந்து பார்த்தாள். பின்னால் இருந்த ஸ்பிளிட் பின் அசையாமல் இருந்தது, ஒற்றைக் கால் மடங்கியபடி.

புதன், காலை 11.30. தென்காசி.

ஹுஸைஃபாவின் மனைவி நஸீபா, கணவன் இறந்தபின் வெளியாள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள். உள்ளறைக் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது. புகார் அவள் கொடுத்ததுதான். கொழுந்தன் ரபீக் வெளியே நாற்காலியில் இருந்தான். முப்பது வயது. வெள்ளிக்கிழமைதான் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தான்.

"அந்த ஆளச் சும்மா விடாதீங்க மேடம். மலிவு மலிவுன்னு சொல்லியே எங்க குடியக் கெடுத்துட்டாரு" என்றது குரல். "தம்பி, உங்க அண்ணனோட சாமான் டப்பாவ மேடத்துக்கிட்டக் குடுங்க. எதையெல்லாம் வச்சு வண்டி ஓட்டுனாங்கன்னு பாக்கட்டும்."

"அது வெறும் குப்ப மதினி. அது எதுக்கு இவங்களுக்கு?"

"குடுங்க தம்பி."

பழைய பேரீச்சம்பழ டப்பா. ரபீக் அதைக் கொடுத்தான், ஆனால் விரல்கள் விட ஒரு நொடி தாமதித்தன.

"திங்கக்கிழமை சைக்கிள யாரும் தொட்டாங்களா?"

"அவங்க யாரையும் தொட விடமாட்டாங்க" என்றது குரல்.

"நீங்க, பாய்?"

"இல்ல" என்றான் ரபீக், சுவரைப் பார்த்து.

வியாழன், மாலை 4.10.

காவல் நிலைய மேசையில் ஒரு வெள்ளைத்தாள். ஒரு பக்கம் ஜெபசிங், மறுபக்கம் ரபீக். ரபீக் முற்றத்துக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தான்.

குழல்வாய்மொழி தாளில் ஒரு ஸ்பிளிட் பின்னை வைத்தாள். "டப்பாவுல புதுப் பின்னு ஏழு இருந்துச்சு. எல்லாம் எண்ணெயோட நேரா இருக்கு. இது எட்டாவது. பிரேக் தூசி அப்பிக் கறுத்திருக்கு. ஒத்தக் கால மடக்கி, அப்புறம் நிமித்திருக்காங்க. அண்ணாச்சி, இது யார் கை?"

ஜெபசிங் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "என் கை."

"நீங்க மடக்குனது ரெண்டே பின்னு. ஒண்ணு இன்னும் வண்டியில இருக்கு. இன்னொண்ணு டப்பாவுல பத்திரமா இருந்திருக்கு. அப்ப ரோட்டுல விழுந்தது உங்க பின்னு இல்ல."

ஜெபசிங்குக்கு இரண்டு நாளாக வராத மூச்சு வந்தது. வந்ததற்காக உடனே வெட்கப்பட்டார்.

அவள் இன்னொன்றை வைத்தாள். நெல்மணி அளவில் ஒரு கம்பி வளைவு, பளபளவென்று. "இதுவும் டப்பாவுலதான் கெடந்துச்சு. இது என்ன?"

"கம்பெனிப் பின்னோட பூட்டு மேடம். பின்ன நல்லாத் திருகி இறுக்கிட்டு முனையில இத மாட்டணும். தோட்டுக்குத் திருகாணி மாதிரி. இல்லன்னா அதிர்வுல பின்னு தானாச் சுத்திக் கழண்டுரும்."

"பழச நீங்க கழட்டுனப்ப வந்ததா?"

"இல்ல. அது துரு. இது வண்டியில ஏறவே இல்ல."

"இந்த ஊர்க் கடையில கெடைக்காத சாமான். வெள்ளிக்கிழம ஷார்ஜாவுல இருந்து ஒரு பெட்டி வந்திருக்கு." குழல்வாய்மொழி ரபீக்கைப் பார்த்தாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். "முன்சக்கரத்துல புதுப் பின்ன மாட்டுனது நீங்க, பாய்."

ரபீக் அந்தக் கம்பி வளைவை விரலால் தொட்டான்.

"அறுவதாயிரம் வண்டியில ரெண்டு ரூவாப் பின்னு. எனக்கு அசிங்கமா இருந்துச்சு மேடம். அண்ணன்ட்ட வெலையச் சொன்னா ஏசுவான். அதான் திங்கக்கிழம அவன் தொழப் போன நேரத்துல மாட்டுனேன். கீறல் விழுந்துரக் கூடாதுன்னு கத்தி முனையால மெல்லமாத்தான் திருகுனேன். காலையில பாத்துட்டு ஏசுவான், அப்புறம் சிரிப்பான்னு நெனச்சேன்."

"பூட்டு?"

"ஸ்பேர்னு நெனச்சு டப்பாவுல போட்டேன். எங்க வீட்ல எதையும் தூரப் போட மாட்டோம்."

"பின்சக்கரத்துக்கு மாத்தலையா?"

"ஒண்ணுதான் வாங்குனேன். வெல கூட."

ஜெபசிங் மெதுவாகக் கேட்டார். "எங்கிட்டக் கொண்டு வந்திருக்கலாமே தம்பி. காசு வாங்காமயே மாட்டித் தந்திருப்பனே."

"உங்க மேல உள்ள கோவத்துலதானே வாங்குனேன் அண்ணாச்சி."

"நேத்து கேட்டப்ப ஏன் சொல்லல?" என்றாள் குழல்வாய்மொழி.

"சொன்னா நெசமாயிரும்லா மேடம்."

அவள் வாக்குமூலத் தாளை இழுத்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்ததல்ல என்று எழுதலாம். ஆனால் எழுதத்தான் வேண்டும். பேனாவை எடுத்தபோது ரபீக்கின் போன் அடித்தது. அவசரத்தில் விரல் எதையோ அழுத்த, ஸ்பீக்கரில் நஸீபாவின் குரல் வந்தது.

"தம்பி, அந்த ஆளப் பிடிச்சிட்டாங்களா?"

ஜெபசிங் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். இன்றைக்கு ஒரு நாளாவது அந்தப் பெண் இந்தக் கடைக்காரனையே திட்டிக்கொண்டிருக்கட்டும் என்பதுபோல் கையால் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ரபீக் அவரைப் பார்த்தான். போனை வாயருகே கொண்டுபோனான்.

"பிடிச்சிட்டாங்க மதினி" என்றான். "ஆளு யாருன்னு நான் வீட்டுக்கு வந்து சொல்லுதேன்."