வாஹித் கடை ஏரோப்பிளேன்

காலை எட்டு மணி. கடையைத் திறந்த வாஹித் ஹாஜியார் கண்ணாடி அலுமாரியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். மேல்தட்டு காலி. ஏரோப்பிளேனைக் காணோம்.

1973ஆம் வருஷம் அது. அந்த ஏரோப்பிளேனைத் தெரியாதவன் பதுளைக்காரனே இல்லை என்று அடித்துச் சொல்வேன். சிவப்பு வால், இறக்கையில் ஏழாம் நம்பர். துண்டு துண்டாகப் பெட்டியில் வரும். நாம்தான் ஒட்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஹாஜியாரின் மகன் ஷுக்ரியும் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து அழகையாவும் பள்ளிக்கூட நாட்களில் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தது. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனமெல்லாம் அலுமாரிக் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கும். என்ன காலம் போங்கள்! பிறகு வெளிநாட்டுச் சாமான் வரத்து நின்றுபோனது. தோட்டத்துத் துரைமார் வந்து விலை கேட்டும் ஹாஜியார் அசையவில்லை. கெட்டிப் பிளாஸ்டிக், நகத்தால் தட்டினால் பீங்கான் மாதிரிச் சத்தம் கேட்கும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் தட்டிக் காட்டுவார்.

எட்டரைக்கு சார்ஜன்ட் பாறூக் உம்மென்று வந்து சேர்ந்தார். தலைமுடி விஷயத்தில் மனுஷன் மாப்பிள்ளை மாதிரி. அன்றைக்கோ காக்கைக் கூடு. காலையில் கிணற்றில் சீப்பும் எண்ணெய்ப் போத்தல் மூடியும் கைதவறி விழுந்தனவாம். மூடி மிதந்தது, சீப்பு நேரே அடிக்குப் போய்விட்டது. இரண்டும் பிளாஸ்டிக்தானே, இதென்ன அநியாயம் என்று களவு கொடுத்தவரிடமே முறையிட்டார்.

பிறகு வேலையில் இறங்கினார். அலுமாரிப் பூட்டு உடையவில்லை. சாவி எங்கே இருக்கும்? ஆணியில். யாருக்குத் தெரியும்? எல்லோருக்கும். சார்ஜன்ட் மூக்கைச் சுருக்கினார். ஏதோ பசை வாடை அடிக்கிறதே, பசை விற்கிறீர்களா என்று கேட்டார். சாமான் வரத்து நின்ற பிறகு ஏது பசை என்றார் ஹாஜியார். ஷுக்ரி தூக்கம் கெட்ட கண்ணோடு வாசலில் நின்றான். வலது கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

"நேத்து யார் வந்தது?"

"அழகையா. பயணம் சொல்ல வந்தான்," என்றார் ஹாஜியார்.

அழகையா குடும்பத்துக்கு இந்தியா போகப் பாஸ்போர்ட் வந்திருந்தது. அன்று மாலைக் கோச்சியில் புறப்பட்டால் தலைமன்னார், அங்கிருந்து கப்பல். ஹாஜியாருக்கு அது போதும். உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிவிட்டான் என்று தலையில் கை வைத்தார்.

மாலை ஐந்து மணி. பதுளை ஸ்டேஷன். சனம் அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று சும்மா பேர் வைக்கவில்லை. போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் கட்டிப்பிடித்துக் கதறிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே, ஹாஜியாரையும் ஷுக்ரியையும் கூட்டிக்கொண்டு வந்து, அழகையாவின் தகரப் பெட்டியைத் திறக்கவைத்தார் சார்ஜன்ட். சேலைக்கும் சாமிப் படத்துக்கும் இடையில் சிவப்பு வால். ஏழாம் நம்பர்.

அழகையாவின் தாய் மாரியாயி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். மகனைப் பொலிஸ் பிடித்தால் கோச்சி போய்விடும், கப்பலும் போய்விடும். அவள் அக்கரையில், அவன் இக்கரையில்.

"இது என்னோடதுங்க ஐயா," என்றான் அழகையா. "அவன் ஒண்ணு செஞ்சான், நான் ஒண்ணு செஞ்சேன். ஒரே பெயிண்டு, ஒரே பிரஷ்ஷு. என்னோடது எங்க லயத்து வீட்டுலயே இருந்துச்சுங்க."

சார்ஜன்ட் ஹாஜியாரை விசாரித்தார். அந்தக் காலத்தில் இரண்டு ரகம் விற்றது உண்மைதான்: இங்கிலாந்துப் பெட்டி ஒன்று, அதைப் பார்த்து ஹொங்கொங்கில் அச்செடுத்த மலிவுப் பெட்டி ஒன்று. பெயிண்ட் அடித்துவிட்டால் இரண்டும் ஒன்று போலத்தான். ஆனால் இது தன்னுடையதுதான் என்று ஹாஜியார் சாதித்தார். நகத்தால் தட்டிப் பார்த்தார்கள். அந்த ஒப்பாரியில் என்ன கேட்கும்?

"தம்பி ஷுக்ரி, நீ சொல்லு. இவனுக்கிட்ட ஒண்ணு இருந்ததா?"

ஷுக்ரி தரையைப் பார்த்தான். "ஞாபகம் இல்ல."

அழகையா அவனையே பார்த்தான். கூடப் பிறந்தவனைப் போலப் பழகியவன் அல்லவா!

சார்ஜன்ட் வழக்கம்போல் தலைமுடியைத் தடவினார். தடவிய கை நின்றது. சுவரில் தீயணைக்க மாட்டியிருந்த சிவப்பு வாளியில் தண்ணீர் இருந்தது. பிளேனின் முன்காற்றாடியைக் கழற்றி அதில் போட்டு விரலால் அமுக்கினார். மேலே வந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது.

"ஹாஜியார், உங்கட பிளேன் சீப்புச் சாதி. கெட்டி. கிணத்துல போட்டா அடிக்குப் போகும், கீழ போட்டா முறியும். இது மூடிச் சாதி, மிதக்குது. இது உங்கடது இல்ல."

"அப்ப என்ட பிளேன்?"

"காலையில கடையில பசை வாடை. களவெடுத்தவனுக்குப் பசை என்னத்துக்கு? உடைஞ்சத ஒட்டத்தான். அந்தப் பசை கெட்டிச் சாதியிலதான் பிடிக்கும். மெது சாதியில பிடிக்காது. பாருங்க, அழகையா இறக்கையை ஊசி காய்ச்சிச் சுட்டுத்தான் பொருத்தியிருக்கான். உடைஞ்சத உட்கார்ந்து ஒட்டுறவன் கள்ளன் இல்ல, அதைச் செஞ்சவன். தம்பி, கையை வெளியே எடு."

ஷுக்ரி கையை எடுத்தான். விரல் நுனியெல்லாம் காய்ந்த பசை, உரிந்த தோல் மாதிரி. கூடவே உடைந்த பிளேன் துண்டுகளைக் கட்டிய ஒரு கைக்குட்டைப் பொட்டலம். கூட்டாளிக்கு வாப்பாவுக்குத் தெரியாமல் கொடுத்துவிடத்தான் எடுத்தானாம். கை நழுவி இறக்கை மூன்றாக முறிந்தது. ஒளித்து வைத்திருந்த கடைசிப் பசையால் ஒட்டப் பார்த்தான். அதற்குள் வாப்பா கள்ளன் என்று கத்திவிட்டார். பயத்தில் வாய் அடைத்துப்போனது.

ஹாஜியார் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாரியாயி முன்னால் போய் நின்றார். மணி அடித்தது.

அழகையா தன் பிளேனை ஷுக்ரியிடம் நீட்டினான். "அலுமாரி காலியா கெடக்க வேணாம். இது விழுந்தாலும் ஒடையாது." பிறகு அந்தக் கைக்குட்டையை வாங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

"அது ஒடஞ்சிட்டுதே மச்சான்," என்றான் ஷுக்ரி. அழுதுவிட்டான்.

"இது ஒட்டுற சாதிடா."

கோச்சி நகர்ந்தது. ஷுக்ரி திடீரென்று ஓடினான். சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு, பிளாட்பாரம் முடிகிற இடம்வரை ஓடி, ஜன்னலுக்குள் கையை நீட்டினான். கையில் மிச்சமிருந்த பசை ட்யூப். உள்ளேயிருந்து அழகையாவின் கை வந்து அதை வாங்கிக்கொண்டது.