காலியான அலமாரி

பிற்பகல் மூன்று மணி. பின்னலாடைப் பட்டறையின் பழைய கணினியில் ஒரு டிசைன்கூட மிஞ்சவில்லை.

முதலாளி நாற்காலியில் சரிந்து கிடந்தார். அந்தக் கணினி சொன்னால்தான் பின்னல் இயந்திரம் ஓடும். மறுநாள் காலை பட்டறையை டிசைன்களோடு சேர்த்து விற்பதாகப் பேச்சு.

"காலையிலதான் உங்க புதுப் பதிப்பைப் போட்டேன். சாப்பிட்டுட்டு வந்து பார்த்தா தொடச்சு வெச்ச மாதிரி இருக்கு. இலவசம்னப்பவே யோசிச்சிருக்கணும்."

எதிரே நின்றவள் கணினியை நெருங்கினாள். 'அலமாரி' அவள் எழுதிய நிரல். பழைய கணினிகளில் கோப்புகளை அடுக்கவும் நகலெடுக்கவும் அழிக்கவும் உதவும். புதிது வாங்க வழியில்லாத பட்டறைகளும் மருந்துக்கடைகளும் அதை நம்பியிருந்தன. எல்லாருக்கும் அவள் அலமாரிக்காரி. புதுப் பதிப்பில் ஒரே மாற்றம். தேதி தவறான கணினிகளில் பழைய நகல் புதியதன்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது என்று புகார் வந்திருந்தது. அதனால், சரியான தேதியைப் போடும்வரை இனி அது நகலெடுக்காது.

அந்த மாற்றமே கோப்புகளைத் தின்கிறதென்றால் இன்றே விலக்கிக்கொள்ள வேண்டும். அதற்குள் எத்தனை பேர் போட்டுவிட்டார்களோ.

"கணினியை அணைக்கலையே?"

"நீங்க போன்ல சொன்னபடி தொடவே இல்ல."

குனிந்து பார்த்தாள். திரை காலி. மூலையில் அன்றைய தேதி.

"கடிகார பேட்டரி நல்லா இருக்கா?"

"அது செத்து வருஷக்கணக்காச்சு. ஆன் பண்ணினா தேதி கேக்கும். எண்டரைத் தட்டிட்டு வேலையைப் பார்ப்போம். அதுபாட்டுக்கு ஏதோ பழைய வருஷத்தைக் காட்டிட்டுக் கெடக்கும்."

"இன்னிக்கும் அப்படித்தானா?"

"அப்படித்தான். தேதி அடிக்க யாருக்கு நேரம்?"

வாசலில் நின்ற முதலாளியின் மச்சான் சிரித்தான். புது இயந்திரங்கள் விற்பவன். "இந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கன்னு எத்தனை தடவை தலையா அடிச்சுக்கிட்டேன், அத்தான்?"

"மதியம் இங்க யார் யார் இருந்தீங்க?" என்றாள் அலமாரிக்காரி.

"இயந்திரக்காரங்களுக்கு லீவு," என்றான் மச்சான். " நானும் இவர் தங்கச்சியும்தான். நான் அந்த ஃபேனுக்குக் கீழ தூங்கினேன். சந்தேகம்னா அவங்களையே கேளுங்க."

"ஆமா," என்றாள் நூல் அறையிலிருந்து வந்த தங்கை. டிசைன்கள் வரைபவள். "குறட்டை நூல் அறை வரைக்கும் கேட்டுச்சு."

முதலாளி எழுந்து மச்சானின் சட்டையைப் பிடித்தார். "விக்கறதைக் கெடுத்து, புது மெஷினை என் தலையில கட்டத்தானேடா அழிச்சே?"

"விடுங்க. அவர் இல்ல," என்றாள் அலமாரிக்காரி. "என் நிரலும் இல்ல."

"பின்ன?"

"திரையில இன்னிக்குத் தேதி இருக்கு. நிரல் தானா தேதியை மாத்தாது. உங்களுக்கப்புறம் யாரோ கையால சரியான தேதியைப் போட்டிருக்காங்க. அழிக்கறதுக்குத் தேதி வேண்டாம், நகலெடுக்கத்தான் வேணும். முதல்ல டிசைனையெல்லாம் எடுத்துக்கிட்டு, அப்புறம் அழிச்சிருக்காங்க. உங்க மச்சானுக்கு அது ஒழிஞ்சாப் போதும். பத்திரமா வெச்சுக்கணும்னு நெனைக்கறவங்க வேற."

அவள் தங்கையைப் பார்த்தாள்.

தங்கை பையிலிருந்து ஃபிளாப்பி வட்டுகளை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

முதலாளியின் கை சட்டையிலிருந்து நழுவியது. "நீயா?"

"ஒவ்வொண்ணும் நான் வரைஞ்சது, அண்ணா. விலை பேசறப்ப என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அலமாரிக்காரி கேட்டாள். "பழி என்மேல விழும்னு தெரியுமா?"

"தெரியும்." தங்கை கண்ணைத் தாழ்த்தவில்லை. "சும்மா குடுக்கறவங்கதானே, உங்களுக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன்."

அலமாரிக்காரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். நிரலில் பிழையில்லை, விலக்க வேண்டாம். அந்த நிம்மதி வர வெகுநேரம் ஆயிற்று.