மறுபக்கத்து முடிச்சு

லேஸ் பெட்டி வீட்டுக்கு வந்த அன்று ஜெசிந்தா உலை வைக்கவில்லை. "இன்னிக்குப் பழைய சோறுதான், வாயத் தொறக்காமச் சாப்பிடுங்க" என்று கணவன் தெலஸ்போரிடம் சொல்லிவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, பின்னல் நூல் சுற்றிய ஷட்டிலோடு சன்னலோரம் உட்கார்ந்தாள். வாடைக்காலம் தொடங்குமுன் மிதவூரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. பழைய கரையைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு, மிதவை வீடுகளைக் கயிற்றால் பிணைத்து உண்டான ஊர் அது.

பெட்டிக்குள் தாம்பாள அகலத்துக்கு ஒரு டாயிலி, வட்டமான லேஸ் விரிப்பு. குடும்பத்துக்கொரு நிறம், வீட்டுக்கொரு வளையம்; எல்லாம் டாட்டிங் என்னும் முடிச்சுப் பின்னல். ஒவ்வொரு வளையத்தின் ஓரத்திலும் பொடிப்பொடியாக நூல்காதுகள். பெட்டி யாரிடம் வருகிறதோ, அவர் தன் வளையத்தைப் பின்னி, தனக்குப் பிடித்த வீட்டின் காதில் கோத்துவிட வேண்டும். முடிந்ததும் பிணைப்பொறி என்னும் கணினி அந்த லேஸைப் படித்து, அதே வரிசையில் வீடுகளைக் கட்டும். யார் காதில் கோத்தீர்களோ, வருடம் முழுக்க அவர்தான் பக்கத்து வீடு.

முன்பு பிணைப்பொறி எடையையும் அலையையும் மட்டும் பார்த்துத்தான் கட்டியது. கணக்கில் ஒரு குறையும் இல்லை. முதல் புயலிலேயே ஊர் பிய்ந்தது. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு வீட்டுக்காரர்கள், அறுந்த கயிற்றை யார் முதலில் பிடிப்பது என்று முறைத்துக்கொண்டு நின்றார்களாம். மனிதர்களின் வீம்பை எந்தச் சூத்திரத்தில் போடுவது? அதற்குப் பிறகுதான் லேஸ் வந்தது.

யாரும் கோக்காத வீடு, அது யார் காதில் கோத்திருந்தாலும், வாடைமுனைக்குப் போகும். ஊருக்கு முன்னால் தனியாக நின்று முதல் அலையை வாங்கும் இடம். பல வருடங்களாக அங்கே இருப்பவள் எமல்டா. அவள் நாக்கு அப்படி. ஜெசிந்தாவின் கல்யாண விருந்தில் மைக்கைப் பிடித்து, "சோறு வேகல" என்று ஊருக்கே அறிவித்தவள். அன்றிலிருந்து இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஜெசிந்தா கோக்க நினைத்தது தன் சிநேகிதி தியோபிலாவின் காதில். தியோபிலா எமல்டாவின் தங்கை. இரண்டு பேருக்கும் அப்பா வீட்டு மஞ்சள் நிறமே. வளையங்களும் பக்கத்துப் பக்கத்தில். டாட்டிங்கில் லேஸைப் புரட்டிப் புரட்டித்தான் பின்ன வேண்டும். புரட்டியதில் இடம் வலம் மாறியதை மறந்து, வலப்பக்கத்து மஞ்சளில் கோத்து, நூலைச் சுண்டி வளையத்தை மூடினாள் ஜெசிந்தா. நிமிர்த்திப் பார்த்தால், எமல்டா!

"ஐயோ மாதாவே!"

மூடிய வளையத்தை அவிழ்ப்பது யானை வாயில் போன கரும்பை மீட்கிற காரியம். அறுக்கலாம், ஊர் தடுக்காது. ஆனால் அறுத்தவர் வீடு வாடைமுனைக்குப் போகும்.

"அந்தக் கத்திரிய எடுங்க" என்றாள். "அவ பக்கத்துல ஒரு வருசமா? அதுக்கு முனைக்கே போயிரலாம்."

"ஏட்டி, நீ போனா நானும்லா கூட வரணும்?" என்று அலறினான் தெலஸ்போர்.

அவன் கத்திரியைத் தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தபோது வள்ளம் ஒன்று வாசலில் இடித்தது. இறங்கியவள் எமல்டாவேதான். லேஸ் வளர்வது ஊர்த்திரையில் எல்லோருக்கும் தெரியும். தான் சமாதானத்துக்குக் கோத்ததாக நினைத்து அழ வந்திருக்கிறாளோ என்று பார்த்தாள் ஜெசிந்தா.

"ஏளா, நீ தப்பாக் கோத்துட்ட" என்றாள் எமல்டா, செருப்பைக் கூடக் கழற்றாமல். "முடிச்சு மறுபக்கம் விழுந்திருக்கு. திரையில பாத்ததுமே தெரிஞ்சிட்டு."

"தெரியும்லா? பெறவு எதுக்கு வந்த?"

"நீ அறுத்துருவன்னும் தெரியும். அதான் வந்தேன்." எமல்டாவின் குரல் இறங்கியது. "எனக்காகச் சொல்லல. அறுத்தா முனைக்கு நீதான் போவணும். காத்து மழை அடிச்சா அங்க கண்ண மூட முடியாதுளா. எந்த அலைக்குக் கயிறு போகும்னு விடிய விடிய முழிச்சிக் கெடக்கணும். நான் பழகிட்டேன். அது ஒனக்குக் கூட வேண்டாம்."

ஜெசிந்தாவுக்கு இத்தனை புயலுக்கும் தன் வீட்டில் போர்த்திப் படுத்தது நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

"ஒன் கல்யாணச் சோறு வேகலதான்" என்றாள் எமல்டா, வள்ளத்தில் ஏறிக்கொண்டே. "ஆனா அத மைக்குல சொல்லிருக்கப்படாது."

ஜெசிந்தாவுக்குக் கோபத்தை முந்திக்கொண்டு சிரிப்பு வந்துவிட்டது. பெட்டியை மூடி அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள்.

அந்த வருடம் வாடைமுனை, எல்லோருக்கும் எல்லாம் செய்வதாக வாக்குக் கொடுத்த ஊர்த்தலைவருக்குப் போனது. யாரும் அவர் காதில் கோக்கவில்லை. எமல்டாவின் வீடு ஜெசிந்தாவின் சமையலறைக்கு எதிரே வந்து நின்றது. வந்த நாளிலிருந்து தாளிப்பில் கடுகு கூடுதல், மீனில் புளி குறைவு என்று எதிர்ச் சன்னலிலிருந்து விமரிசனம் ஓயவில்லை. தியோபிலாவோ, "நல்லா மாட்டுன" என்று தூரத்து வீட்டிலிருந்து கையசைத்துச் சிரித்தாள்.

முதல் பெரும்புயல் ஓர் இரவு முழுக்க ஆடிவிட்டுப் போயிற்று. காலையில் வெயில் ஏறியும் எதிர்ச் சன்னல் திறக்கவில்லை, விமரிசனமும் இல்லை. ஜெசிந்தாவுக்குப் பதறியது. இரண்டு வீட்டுக்கும் நடுவே போட்டிருந்த பலகையைத் தாண்டி ஓடி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

எமல்டா வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். வானொலி அலறியது, மேலே கடற்காக்கைகள் கத்தின. எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை.

ஜெசிந்தா வானொலியை நிறுத்தினாள். வெளியே வந்து, கயிறு கட்டிய முளையை அடித்து இறுக்கச் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நின்ற தெலஸ்போரை ஒரு முறை முறைத்தாள்.

"சத்தம் போடாதீங்க" என்றாள். "அவ தூங்குதா."