பரவுமானியில் முப்பத்தெட்டு

பரவுமானி முப்பத்தெட்டைக் காட்டியது. தாலுகா நிருபர் செல்லத்துரைக்குச் சலிப்பாக இருந்தது. கல்குவாரி சரிந்து ஓர் ஆள் புதைந்தால் இப்போதெல்லாம் அவ்வளவுதான், உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி.

ஒரு செய்தியை எழுதிக் கொடுத்தால் அது எத்தனை தூரம் போகும் என்று பரவுமானி நொடியில் சொல்லிவிடும். இருபது என்றால் தாலுகா, நாற்பது மாவட்டம், அறுபது மாநிலம். ஊர் பேசுகிற இடத்துக்குப் போனால் போதும் என்று அரசும் கெட்டிக்காரத்தனமாக முடிவு செய்திருந்தது. அறுபதைத் தொட்டால்தான் மீட்புப் படையின் ஹெலிகாப்டர் கிளம்பும்.

"உள்ள சத்தம் கேக்குண்ணே. உசுரோடதான் இருக்காவ," என்றாள் புதைந்தவனின் மனைவி பேச்சியம்மாள். "எவ்வளவு காட்டுது?"

"முப்பத்தெட்டுதாம்மா."

எண்ணை ஏற்றுவதற்குக் கருவி யோசனையும் தரும். செல்லத்துரை அதை வாய்விட்டுப் படித்தார். படித்திருக்க வேண்டியதில்லை, பழக்கம். "மனைவி குழிக்குள் இறங்கினால், எழுபத்தொன்று."

அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். அவர் தடுக்கவில்லை, படம் எடுத்தார். பாதி வழியில் மண் மறுபடி சரிந்தது. எண் தொண்ணூறைத் தாண்டியது. நாற்பது நிமிடத்தில் ஹெலிகாப்டர் வந்தது. கணவனை உயிரோடு எடுத்தார்கள், அவளைப் பிணமாக.

படம் நாடு முழுவதும் போனது. செல்லத்துரைக்கு விருது கொடுத்தார்கள். பரவுமானி எல்லோர் கைபேசிக்கும் வந்துவிட்டது. அந்த ஓர் ஆண்டில் பதினோரு ஊர்களில் மனைவிகள் குழிக்குள் இறங்கினார்கள்.

அடுத்த மழையில், அதே குவாரியில் விழுந்த புது வெடிப்பைப் படமெடுக்கப் போன செல்லத்துரை, விளிம்போடு சேர்ந்து உள்ளே போனார். மார்பு வரை மண். வலது கை வெளியே இருந்தது, கையில் கைபேசியும் இருந்தது. தன் செய்தியைத் தானே எழுதி அனுப்பினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். இருபத்தொன்பது வந்தது.

செய்தி பார்த்து மகளையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்த மனைவி ஜெயக்கொடி மேலிருந்து கேட்டாள். "என்னங்க, நான் இறங்கட்டா?"

"வேண்டாம். அதுக்கு இப்ப ஒண்ணும் ஏறாது."

கருவியும் அதையே சொன்னது. மனைவி இறங்குவது பழைய செய்தி. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: குழந்தை இறங்கினால், அறுபத்தாறு. செல்லத்துரை கைபேசியை மண்ணுக்குள் அழுத்தி மறைத்தார்.

பிறகுதான் அண்ணாந்து பார்த்தார். ஜெயக்கொடி தன் கைபேசியைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்துவிட்டு, குனிந்து, மகளின் செருப்பைக் கழற்றினாள்.