ஒரு நொடித் தாமதம்

மணி அலறியது. இன்றைக்கு இது பதினேழாவது. நிரலாளர் செலின் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். தென்காசி, பள்ளி மைதானம், பதினோரு வயதுச் சிறுமி. ஓடும்போது இதயம் ஒரு நொடி பின்தங்கியிருக்கிறது. விழுந்தவள் எழுந்துவிட்டாள்.

"இந்த மணிக்கு யாராவது லீவு குடுங்க அண்ணாச்சி."

"நமக்கே கிடைக்கல. அதுக்கா?" என்றார் சோதனையாளர் திருமேனி.

பெருங்காய்ச்சலுக்குப் பிறகு தென் மாவட்டங்களில் அநேகமாக வீட்டுக்கு ஒரு செயற்கை இதயம். பெரியவர்களுக்குப் பழைய 'வேள்', பிள்ளைகளுக்குப் புதிய 'தாரகை'. இரண்டையும் இயக்குவது ஒரே பொதுநிரல். செல்போன் காலத்தில் கிராஸ் பிளாட்ஃபார்ம் என்றார்களே, அதே முறை. ஒருமுறை எழுதினால் போதும், இரண்டிலும் ஓடும். ஆனால் வேளுக்கு முடிந்த வேகத்தில்தான் தாரகையும் ஓடும். அதனால் பிள்ளைகள் ஓடினால் விழுந்தார்கள். போன வாரம் விழுந்த ஒரு பையன் எழவேயில்லை.

தாரகைக்கென்றே, அதன் முழு வேகத்துக்கும் ஏற்ப, நேட்டிவாக எழுதிய தனிநிரல் தயாராக இருந்தது. செலினும் திருமேனியும் ரேகைப் பலகையில் கட்டைவிரல் வைத்தால் இன்றே எல்லாருக்கும் போய்ச் சேரும். வேளுக்கு அப்படி எழுத வழியில்லை. அதைச் செய்த நிறுவனம் மூடி ஒன்பது வருடமாகிறது. இரண்டு நிரல்களையும் கவனிக்க இங்கிருக்கும் இரண்டு பேர் போதாது. ஆள் கேட்டு மூன்று முறை எழுதியாயிற்று. 'ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்' என்று தலைமையகம் பதில் போட்டது. பொதுநிரலைக் கவனிப்பதை நிறுத்தினாலும் வேள் தொடர்ந்து துடிக்கும். ஆனால் என்றாவது அது நின்றுபோனால் இங்கே மணி அடிக்காது, உதவியும் போகாது.

"வேள் வச்சவங்க நாப்பதாயிரம் பேரு, அண்ணாச்சி."

"தாரகை வச்ச பிள்ளைய மூணு லட்சம். அதுல எம் மவளும் ஒருத்தி. நாலு படி ஏறுனா உக்காந்துருதா."

"அதான பாத்தேன். உங்க மவளுக்காவத்தான் இம்புட்டுப் பேச்சும்."

"ஆமா. இல்லன்னா சொன்னேன்?"

செலினுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கட்டைவிரல் பலகைக்கு மேலே அப்படியே நின்றது.

"நாப்பதாயிரம் பேரக் கைவிடச் சொல்லுதீய. அவங்கள்ல ஒருத்தர்கிட்டயாவது சம்மதம் கேட்டியளா?"

திருமேனி தன் கட்டைவிரலை முதலில் பதித்துவிட்டுப் பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

"கேட்டாச்சு மேடம். என் நெஞ்சுல ஓடுறதும் வேள்தான்."