முள் மட்டை

வாண்டுவின் மட்டையை யாரும் இரவல் கேட்க மாட்டார்கள். மற்றவர்களின் மட்டையில் ரப்பர் வழவழவென்று இருக்கும். அவளுடையதில் வெளிப்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டி ரப்பர் முட்கள். பந்தைச் சுழற்றி அடிக்க அது லாயக்கில்லை.

அந்த முள் ரப்பரை ஒட்டிக் கொடுத்தவர் டேபிள் டென்னிஸ் மாஸ்டர். பாசத்தால் ஒன்றும் இல்லை. பக்கத்துப் பள்ளியின் சாம்பியன் முள் மட்டையில்தான் ஆடுகிறாள். அவளை எதிர்க்க வாண்டுவின் அக்காவுக்குப் பழக்கம் வேண்டுமாம். வீட்டிலேயே ஒரு தங்கை இருக்கும்போது வேறு ஆள் எதற்கு?

"நீ அடிக்காத. பந்தைத் திருப்பிப் போட்டா போதும்" என்பார் மாஸ்டர்.

ஒருநாள் அவரே எல்லோர் முன்னாலும் சொன்னார். "இன்னைக்கு அக்காவும் தங்கையும் மோதட்டும். ஜெயிக்கிறவங்கதான் போட்டிக்குப் போவாங்க."

வாண்டுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

முதல் ஆட்டத்தில் அக்காவைப் போலவே தள்ளி நின்று, பந்து இறங்கும்வரை காத்திருந்து வீசினாள். எல்லாம் வலையில் போய் விழுந்தன.

"என்னைக் காப்பியடிக்காதடி!" என்று அக்கா சிரித்தாள்.

அது வாண்டுவுக்குச் சுருக்கென்று உறைத்தது. மேசையை ஒட்டி வந்து நின்றாள். பந்து குதித்து உச்சிக்கு வந்ததுமே தட்டையாக ஓர் அடி! அக்காவின் சுழற்சி முட்களிடம் எடுபடவில்லை. அவள் மட்டையைத் தூக்கும் முன்பே பந்து தாண்டிப் போனது. மீதி ஆட்டங்களை வாண்டுதான் ஜெயித்தாள்.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "நல்லா ஆடின. ஆனா பெரிய மேட்ச் ஆடிப் பழகினவ அக்காதான். அவளே போகட்டும். நீ பிராக்டீஸ் குடு."

"ஜெயிக்கிறவங்கன்னு சொன்னீங்களே மாஸ்டர்?"

"எதிர்த்துப் பேசாத. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

வாண்டு அக்காவைப் பார்த்தாள். அக்கா குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வாண்டு கேட்டாள். "நீ ஏன் ஒரு வார்த்தை பேசல?"

"மாஸ்டர்கிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

"'இவதானே ஜெயிச்சா'ன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அக்கா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வாண்டு குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். போட்டியில் அக்கா தோற்கட்டும் என்றுகூட நினைத்தாள். தோற்றுவிட்டு வந்து அக்கா அழுதால், அதையும் இதே வீட்டில்தானே பார்க்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. அந்த நினைப்பும் பிடிக்கவில்லை.

மறுநாள் மாலை பயிற்சிக்குப் போனாள்.

"இனிமே திருப்பிப் போட மாட்டேன். அடிப்பேன்" என்றாள்.

மாஸ்டர் முறைத்தார். "அப்புறம் அக்காவுக்கு எப்படிப் பழக்கம் வரும்?"

"அந்தச் சாம்பியன் மட்டும் பந்தைத் திருப்பிப் போட்டுட்டு சும்மா நிப்பாளா மாஸ்டர்?"

அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்காமல் மேசைக்கு எதிரே வந்து நின்றாள்.

"சரி, அடி" என்றாள் மெதுவாக.

வாண்டு அடித்தாள். அன்று ஒரு பந்தைக்கூட அவள் அக்காவுக்காக விட்டுக்கொடுத்து அடிக்கவில்லை.